ஈயக்குட்டையில் கயாக்

மலேசியாவின் பூச்சோங்கில் என் வயதுக்காரர்களிடம் ஈயக்குட்டை என்று சொல்லிப் பாருங்கள். முதலில் முகம் மாறும். பிறகு, அங்கே போனதற்காக வீட்டில் யாரிடம் எதனால் அடி வாங்கினார்கள் என்ற கதை வரும். எங்கள் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு முடிந்து மத்தியானம் லயத்துக்குத் திரும்பியதும் முதலில் பார்ப்பது எங்கள் கால்களைத்தான். தோட்டத்து மண் சிவப்பு. குட்டை மண் வெளுத்த சாம்பல் நிறம். கணுக்காலில் சாம்பல் சேறு காய்ந்து ஒட்டியிருந்தால் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை, வழக்கு முடிந்துவிடும்.

அடிக்கக் காரணம் இருந்தது. ஆறு, குளம் என்றால் கரையிலிருந்து ஆழம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். ஈயக்குட்டை மனிதன் வெட்டிய குழி. பெரிய குழாயால் தண்ணீரைப் பீய்ச்சி மண்மேட்டைக் கரைப்பார்கள். கரைந்த சேற்றைப் பம்பு வைத்து மேலே இழுத்து, பாலோங் என்ற நீண்ட சாய்வான மரக்கால்வாயில் ஓட விடுவார்கள். கனமான ஈயமணல் கால்வாயின் அடியில் தங்கும்; மிச்ச மணலும் சேறும் பக்கத்தில் போய் மேடாகக் குவியும். ஈயம் தீர்ந்ததும் பம்பை நிறுத்திவிட்டுப் போய்விடுவார்கள், மழை வந்து குழியை நிரப்பும். ஓரத்தில் முழங்கால் தண்ணீர், அடுத்த எட்டில் ஆள் முழுகும் ஆழம். ஏறிவிடலாம் என்று கரையைப் பிடித்தால் கரையே சரிந்து கையோடு வரும். நீச்சல் தெரிந்தவனும் திணறுவான். பள்ளியில் எனக்கு ஒரு வகுப்பு மேலே படித்த பையன் ஒருவன் அப்படித்தான் போனான். அவனை வெளியே எடுக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு லயத்தில் எந்தப் பிள்ளை அடி வாங்கினாலும் பக்கத்து வீட்டுக்காரர்கள் குறுக்கே வந்து தடுக்கவில்லை.

இருந்தும் போனோம். மூங்கில் கம்பு, தங்கூசி நரம்பு, மண்புழு. குட்டையிலிருந்து வழியும் வாய்க்காலில் செப்பாட், பனையேறிக் கெண்டை, அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு விரால். பெரிய குட்டைக்குள் தூண்டில் போடத் துணிந்தவர்கள் பெரியவர்கள் மட்டும்தான். அவர்களும் ஞாயிற்றுக்கிழமை கள் இறங்கிய பிறகுதான் துணிந்தார்கள்.

அப்போது எங்களுக்குத் தெரியாத ஒன்று, அந்தத் தொழிலுக்கு மிச்சமிருந்த ஆயுள். 1985 அக்டோபர் 24ஆம் தேதி லண்டன் உலோகச் சந்தையில் ஈய வியாபாரத்தையே நிறுத்தினார்கள். விலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்த அனைத்துலக ஈய மன்றத்திடம் பணம் தீர்ந்துபோயிற்று. விலை சரிந்தது, உலகத்துக்கே ஈயம் கொடுத்துக்கொண்டிருந்த இந்த நாட்டில் சுரங்கங்கள் வரிசையாக மூடின. பேராக்கில் தஞ்சோங் துவாலாங்கில் இன்று காட்சிப் பொருளாக நிற்கிற 4,500 டன் ஈயக்கப்பலைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தொழிலின் பருமன் தெரியும். கிள்ளான் பள்ளத்தாக்கில் மிஞ்சியவை குழிகள். ஸ்ரீ கெம்பாங்கானில் உலகிலேயே பெரிய திறந்தவெளி ஈயச் சுரங்கம் என்று பெயர் வாங்கிய குழியில் இன்று மைன்ஸ் ஏரியும் பேரங்காடியும் இருக்கின்றன. சன்வே லகூனில் பிள்ளைகள் சறுக்கி விளையாடுவதும் பழைய ஈயக்குழியில்தான். பூச்சோங்கிலும் அதே கதை. பால்மரம் வெட்டிய இடத்தில் தாமான்கள் வந்தன, எல்டிபி நெடுஞ்சாலை வந்தது, 2016இல் எல்ஆர்டி வந்தது. குட்டைகளில் பலவற்றை மண் கொட்டி மூடினார்கள். மிச்சத்துக்குப் பூங்கா, நடைபாதை, விளக்கு. எந்தத் தண்ணீரைப் பார்த்ததற்கு நான் அடி வாங்கினேனோ, அந்தத் தண்ணீரைப் பார்க்கிற பக்கத்து வீட்டுக்கு இன்று விலை கூடுதல்.

கயாக் என் வாழ்க்கைக்குள் வந்தது ட்ரௌட் மீனால். என் அண்ணன் மகன் நியூசிலாந்தில் வேலை பார்க்கிறான். ரோத்தோருவா பக்கம் ஓர் ஏரியில் பனிமூட்டத்துக்குள் கயாக்கில் உட்கார்ந்து ட்ரௌட் பிடிக்கிற வீடியோவை அனுப்பினான். கூடவே ஒரு குரல் செய்தி: "சித்தப்பா, நீங்க இன்னும் கரையில உட்கார்ந்து கொசுக்கடி வாங்கிக்கிட்டு இருக்கீங்க. ஒண்ணு வாங்குங்க லா."

அந்த வீடியோவை எத்தனையோ தடவை பார்த்தேன். மீன் துள்ளுவதைவிட அவன் உட்கார்ந்திருந்த இடம்தான் என்னை இழுத்தது. தண்ணீருக்கு நடுவில், தண்ணீரின் மட்டத்திலேயே, இடுப்பு நனையாமல். அங்கே ட்ரௌட்டை விலைக்கு விற்கக் கூடாதாம். பிடித்தவர் சாப்பிடலாம், யாருக்காவது சும்மா கொடுக்கலாம், கடையில் வைக்க முடியாது. எனக்குப் பிடித்த சட்டம். அந்த மீனும் அந்த ஊர்க்காரன் இல்லை. 1860களில் ஒரு வகையும் 1880களில் கலிஃபோர்னியாவிலிருந்து இன்னொரு வகையும் கொண்டுபோய் விட்டார்கள். வெள்ளைக்காரர் தண்ணீர் சில்லென்று இருந்த இடத்திலெல்லாம் இந்த வேலையைச் செய்தார்கள். நீலகிரியில் எச்.சி. வில்சன் அவலாஞ்சியில் 1907இல் ட்ரௌட் குஞ்சு பொரிப்பகமே தொடங்கினார். நுவரெலியாவிலும் மூணாறிலும் துரைமார்கள் அதைத்தான் பிடித்தார்கள். நம் சமவெளிக்கு ரப்பரைக் கொண்டுவந்தார்கள், ரப்பர் வெட்ட நம்மைக் கொண்டுவந்தார்கள், ட்ரௌட்டை மட்டும் கொண்டுவர முடியவில்லை. அதற்கு இருபது டிகிரிக்குக் கீழே குளிர்ந்த தண்ணீர் வேண்டும். இருபத்தைந்தைத் தாண்டினால் மூச்சு முட்டும். பூச்சோங் குட்டையில் விடியற்காலையில் கையை விட்டாலே வெதுவெதுப்பாக இருக்கும்.

சரி, ட்ரௌட் இல்லாவிட்டால் தோமான்.

தோமான் விராலுக்குப் பெரியண்ணன். விரால் ஒரு முழம் என்றால் இது ஒரு மீட்டரைத் தாண்டி வளரும். முதுகு கருநீலம், வயிறு வெள்ளை, வாய் நிறையப் பல். விராலைப் போலவே இதுவும் செவுளை மட்டும் நம்பிப் பிழைக்கிற மீன் இல்லை. தலைக்குள் காற்றை வாங்கி வைக்கும் அறை ஒன்று இருக்கிறது. அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுப் போக வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீருக்குள்ளேயே மூச்சடைத்துச் செத்துப்போகும். அதனால்தான் பிராணவாயு குறைந்த, பாசி பிடித்த ஈயக்குட்டையில் அது ராஜா. அதனால்தான் நமக்கும் அகப்படுகிறது. மேலே வரும்போது தண்ணீர் ஒரு முறை புரளும், 'களக்' என்று சத்தம் கேட்கும். கரையில் இருப்பவனுக்கு அது தூரத்துச் சத்தம். கயாக்கில் இருப்பவனுக்குப் பக்கத்தில் யாரோ தொண்டையைச் செருமியது மாதிரி.

கயாக் ஓட்டப் புத்ராஜெயா ஏரியில் பழகினேன். துடுப்புப் போடுவது சின்ன வேலை, அரை நாளில் கை பிடிபட்டுவிடும். பெரிய வேலை, வேண்டுமென்றே கவிழ்ந்து, ஆழத்தில் மிதந்தபடி, மறுபடியும் ஏறுவது. கயாக்கின் மறுபக்கத்து விளிம்பைப் பிடித்து, காலை உதைத்து, வயிற்றால் மேலே வழுக்கி, பிறகு புரண்டு உட்கார வேண்டும். என் தொப்பையை வைத்துக்கொண்டு அதைச் செய்ததைப் பார்த்த மலாய்ப் பையன்கள் கைதட்டினார்கள். சொல்லிக்கொடுத்தவர் சிரிக்கவில்லை. "பாக்சிக், இது வராமல் தூண்டிலைத் தொடாதீர்கள்" என்றார். வரும்வரை தொடவில்லை.

வாங்கியது மேலே உட்காருகிற வகை, ஒருவருக்கானது, பன்னிரண்டடி. அதைக் காரின் தலையில் கட்டிக்கொண்டு முதல் முறை வீட்டு வாசலில் நின்றபோது அம்மா வெளியே வந்தார். எண்பதைத் தாண்டிவிட்டார், கண் சரியில்லை. கயாக்கைத் தடவிப் பார்த்தார். எங்கே போகிறாய் என்று கேட்டார். சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் குனிந்து என் காலைப் பார்த்தார். அறுபதை நெருங்குகிற ஆளின் காலை!

எந்தக் குட்டை என்று கேட்காதீர்கள். தூண்டில்காரர்களில் லுபோக்கை, அதாவது மீன் கிடக்கும் இடத்தை, வெளியே சொல்கிறவன் இல்லை. சொன்னால் அடுத்த வாரம் அங்கே நிற்க இடம் இருக்காது. பதினாலாம் கட்டையிலிருந்து தூரமில்லை என்ற அளவுக்குச் சொல்லலாம். கூட வருகிறவர் என் மச்சான், பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருக்கென்று தனிக் கயாக். காலை ஆறு மணிக்கு மாமாக் கடையில் ரொட்டி சானாய், ஒரு தே தாரேக். ஆறரை மணிக்குத் தண்ணீரில். எட்டரைக்கெல்லாம் வெயில் முதுகில் ஏறிவிடும், மீனும் ஆழத்துக்குப் போய்விடும்.

தண்ணீரிலிருந்து பார்த்தால் பூச்சோங் வேறு ஊர். எல்டிபியின் இரைச்சல் கேட்கும், ஆனால் வாகனம் ஒன்றும் தெரியாது. கரையோரம் ஆகாயத்தாமரைமேல் சாம்பல் நாரை ஒன்று அசையாமல் நிற்கும். உடும்பு தலையைத் தூக்கிக்கொண்டு நீந்திப் போகும். நீர்நாய்க் குடும்பம் ஒன்று வந்தால் அன்று மீன் கிடையாது, வீட்டுக்குப் போகலாம். மணல் குவித்த பழைய மேடு இப்போது லாலான் புல் மூடிக் கிடக்கிறது. அதற்கு நேர் கீழேதான் குட்டை மிக ஆழம். மச்சானின் ஆழம் காட்டும் எக்கோ கருவி அந்த இடத்தில் தடாலென்று இறங்கிக் காட்டும். அந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் நாங்கள் இருவரும் பேச்சை நிறுத்திவிடுகிறோம். பேசி வைத்துக்கொண்டது இல்லை, இருவருமே லயத்துப் பிள்ளைகள்.

முதலில் மாட்டிய பெரிய தோமானைச் சொல்ல வேண்டும். தாமரை இலைகள் முடிகிற ஓரத்தில் ரப்பர் தவளையை எறிந்து, இலைமேல் தத்தித் தத்தி இழுத்து, தண்ணீரில் விழ விட்டேன். விழுந்ததுதான் தெரியும். தவளை இருந்த இடத்தில் ஒரு பள்ளம் விழுந்தது, அதற்குப் பிறகுதான் சத்தம். கம்பு வளைந்து நுனி தண்ணீருக்குள் போயிற்று. கரையில் நின்றால் காலை ஊன்றி இழுக்கலாம். கயாக்கில் ஊன்ற என்ன இருக்கிறது? மீன் போகிற பக்கம் கயாக்கும் திரும்பிற்று. "மூக்கைத் திருப்பு, மூக்கைத் திருப்பு" என்று மச்சான் கத்தினார். கம்பை முன்பக்கம் கொண்டுவந்தால் கயாக் நேராக இழுபடும். பக்கவாட்டில் விட்டால் கவிழும். கொண்டுவந்தேன். அது என்னைத் தாமரைக் காட்டுக்குள்ளேயே இழுத்துக்கொண்டு போயிற்று. இலைகள் இரண்டு பக்கமும் உரசின, தண்டுகள் நரம்பில் மாட்டி ஒவ்வொன்றாக அறுந்தன. பின்னலில் செய்த நரம்பு, நுனியில் கம்பி. நைலானாக இருந்தால் அதன் பல்லுக்கு ஒரு கடி. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு பக்கத்தில் வந்து, வாயைத் திறந்து, காற்றை விழுங்கி, என்னை ஒரு கண்ணால் பார்த்தது.

தோமானை மடியில் எடுத்துப் போடுகிறவன் முட்டாள். உதட்டைப் பிடிக்கிற இடுக்கியால் பிடித்து, தண்ணீரிலேயே வைத்து, நீண்ட மூக்குக் குறடால் கொக்கியைக் கழற்ற வேண்டும். அது ஒரு முறை உதறினால் கொக்கி உங்கள் உள்ளங்கையில் இருக்கும். கழற்றினேன். வாலை ஒரு சொடுக்குச் சொடுக்கி முகத்தில் தண்ணீரை அடித்துவிட்டுப் போயிற்று.

"விட்டுட்டியா?" என்றார் மச்சான். விடத்தான் வந்தேன் என்று அவருக்குத் தெரியும், இருந்தாலும் ஒவ்வொரு முறையும் கேட்பார். அவர் விராலை விடமாட்டார். பிள்ளை பெற்றவளுக்கும் அறுவைச் சிகிச்சை செய்தவருக்கும் விரால் சாறு கொடுக்கிற வழக்கம் இந்த நாட்டில் தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. புண் சீக்கிரம் ஆறும் என்பார்கள். மச்சானின் மகளுக்குக் குழந்தை பிறந்தபோது மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு வைத்த சாறு இந்தக் குட்டை விராலில்தான். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வேண்டிய அளவுக்கு எடுக்கிறவனிடம் சண்டை எதற்கு?

சண்டை வேறு விஷயத்தில். ஒரு நாள் காலை, தண்ணீர் கண்ணாடியாக இருந்த நேரம், சற்றுத் தூரத்தில் ஒரு மேசை அகலத்துக்கு மட்டும் மழை பெய்வதைப் பார்த்தேன். வானம் சுத்தமாக இருந்தது. துடுப்பை மடியில் வைத்து மிதந்து கிட்டே போனேன். விரல் நீளம்கூட இல்லாத குஞ்சுகள், நூற்றுக்கணக்கில். செம்மஞ்சள் உடம்பு, பக்கத்தில் கறுப்புக் கோடு. ஒவ்வொன்றும் காற்றுக்காக ஒரு நொடி மேலே வந்து தண்ணீரைக் குத்திவிட்டுப் போகிறது, அதுதான் மழை. கூட்டம் முழுவதும் ஒரே உடம்பாக நகர்ந்தது, திரும்பியது, பிரிந்து சேர்ந்தது. அதற்குக் கீழே, கை எட்டுகிற ஆழத்தில், கறுப்பாக இரண்டு உருவங்கள். தோமானில் தாயும் தகப்பனும் சேர்ந்தே குஞ்சைக் காவல் காக்கும். என் கயாக்கின் நிழல் குஞ்சுகளுக்கு மேலே விழுந்ததும் ஒன்று விலகாமல் நேராக மேலே வந்தது. அடிப்பலகையில் ஒரு மோது. பன்னிரண்டடி நீளம், அதன்மேல் தொண்ணூறு கிலோ மனிதன். அது கணக்குப் பார்க்கவில்லை.

இது தூண்டில்காரர்களுக்கெல்லாம் தெரியும். தெரிந்துதான் குஞ்சுக் கூட்டத்தைத் தேடி வருகிறார்கள். பசியில்லாத தோமான்கூடக் குஞ்சுக்கு நடுவில் விழுகிற எதையும் அடிக்கும். குஞ்சுக்கு மேலே எறி, இழு, அடுத்த நொடி மாட்டும். திறமையே வேண்டாம். படம் எடுத்துப் போட்டால் நூறு பேர் கைதட்டுவார்கள். கரையிலிருந்து அப்படி எறிந்துகொண்டிருந்த இளைஞர்களிடம், "தம்பி, குஞ்சோட இருக்கு, விட்டுடுங்க" என்று கேட்டுக்கொண்டேன். "நாங்களும் திருப்பித்தானே அண்ணே விடுறோம்?" என்றார் ஒருவர். நியாயமான கேள்வி மாதிரித்தான் இருக்கிறது. ஆனால் தாயைக் கரையில் தூக்கி வைத்துப் படம் எடுக்கிற அந்த ஐந்து நிமிடத்தில் கீழே நடப்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. கயாக்கிலிருந்து நான் பார்த்திருக்கிறேன். தென்னமெரிக்காவிலிருந்து வந்து இந்தக் குட்டைகளில் பெருகிவிட்ட பீகாக் பாஸ் மீன் ஓரத்தில் காத்துக்கொண்டே இருக்கும். காவல் விலகியதும் பக்கத்திலிருந்து வெட்டிப் பாயும். மழை பெய்த இடம் சிதறி, கொஞ்ச நேரத்தில் இரண்டு மூன்று துளிகள் மட்டும் மிஞ்சும். திருப்பி விட்ட தாய் வந்து எதைக் காக்கும்?

காசு கட்டிப் பிடிக்கிற குளங்கள் பூச்சோங்கைச் சுற்றி இருக்கின்றன. மணிக்கு இவ்வளவு என்று கட்டினால், ஆள் தூக்க முடியாத பத்தின் மீன்கள் இரையைப் பார்த்து வரிசையில் நிற்கும். பெரிய மீனைத் தூக்கிப் படம் எடுக்க ஆசை இருப்பவர்களுக்கு அதுவே நல்ல இடம், யாருக்கும் நஷ்டமில்லை. ஈயக்குட்டைத் தோமானைத் தேடி வருகிறவர் குஞ்சில்லாமல் தனியாகத் திரிகிற மீனை அதன் மூச்சுச் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கட்டும். ஒரு முறை மூச்சு விட்ட மீன் மறுபடி எந்தப் பக்கம் எழும் என்று ஊகித்து, தவளையை அதற்கு முன்னால் கொண்டுபோய் வைப்பதில் உள்ள சுகம், குஞ்சைக் காட்டி ஏமாற்றிப் பிடிப்பதில் இல்லை. பெரும்பாலான காலைகளில் வெறுங்கையோடுதான் திரும்புகிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வர நினைக்கிறவர்களுக்குச் சில சொற்கள். அந்த ஏரியில் படகு இறக்க அனுமதி உண்டா என்று முதலில் கேளுங்கள். பூங்கா ஏரிகளில் அறிவிப்புப் பலகை சும்மா வைக்கவில்லை. காலில் வெட்டுக்காயம் இருந்தால் போகாதீர்கள், எலிச் சிறுநீர்க் காய்ச்சல் தேங்கிய தண்ணீரிலிருந்து தொற்றலாம். கிள்ளான் பள்ளத்தாக்கில் மத்தியானத்துக்கு மேல் இடி எப்போதும் வரலாம். நடுத்தண்ணீரில் உயரமாக நீட்டிக்கொண்டிருக்கிற ஒரே பொருள் உங்கள் கையிலுள்ள கார்பன் கம்பு. முதல் உறுமலுக்கே கரை ஏறுங்கள். மிதவைச் சட்டையைக் கயாக்கின் பின்னால் சொருகி வைக்காமல் உடம்பில் மாட்டி, வாரை இறுக்குங்கள். ஈயக்குட்டை இன்றும் அதே குழிதான், மேலே விளக்குப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ட்ரௌட் வேண்டுமென்றால் ஊட்டிக்குப் போங்கள், பணம் இருந்தால் நியூசிலாந்துக்குப் போங்கள். தோமான் வேண்டுமென்றால் ஆறு மணிக்கு மாமாக் கடைக்கு வந்துவிடுங்கள், மச்சானின் கயாக்கை இரவல் வாங்கித் தருகிறேன். மிதவைச் சட்டை இல்லாமல் வந்தால் ரொட்டி சானாயோடு திருப்பி அனுப்பிவிடுவேன்.